கையைத் தூக்குங்க சார்

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு கோமளாவின் குரல்நாண்களில் ஒன்று அசையாமல் நின்றுபோயிற்று. பதினோரு மாதமாக அவள் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. அந்த நாணுக்குள் ஊசியால் ஜெல் ஏற்றி உப்பவைத்தால் குரல் திரும்பும், ஆறு மாதமாவது தாங்கும் என்றார் டாக்டரம்மா. ஆனால் கோமளாவின் பழைய குரலை அவர் கேட்டதில்லையே. அதனால் கணவர் பூபாலனை உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தார். "அந்தக் குரல் வந்ததும் கையைத் தூக்குங்க சார்."

மரத்துப்போன கழுத்தில் ஊசி இறங்கியது. "ஈ சொல்லும்மா." காற்றுதான் வந்தது. இன்னும் கொஞ்சம் ஜெல். இந்த "ஈ" ஜலதோஷம் பிடித்த பக்கத்து வீட்டுக்காரியுடையது போலிருந்தது. பூபாலன் உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவது "ஈ"யில் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இதேதான். ஆனாலும் இன்னொரு தரம் கேட்டுவிடலாமே என்று கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். டாக்டரம்மா மறுபடியும் ஊசியைக் கொண்டுவந்தார். ஓரக்கண்ணால் கணவரின் முகத்தைப் பார்த்த கோமளா சட்டென்று டாக்டரம்மாவின் கையைத் தடுத்தாள்.

"ஏங்க, கண்ணுல தண்ணி கொட்டுது, கையத் தூக்குறதுக்கு என்ன? என் தொண்டை அடைக்கிற வரைக்கும் ஏத்தச் சொல்றீங்களா?"

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா சிரித்தபடி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். பூபாலன் அப்போதும் கையைத் தூக்கவில்லை.