ஐம்பத்தைந்து கிலோ பிரிவு

நாற்பத்தோரு வயதில் நான் கபடியில் ஐம்பத்தைந்து கிலோ பிரிவுக்கு இறங்கினேன். எழுபது கிலோ பிரிவில் என்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். பசியை நிறுத்தும் வில்லையைக் கையில் ஒட்டிக்கொண்டேன். நாலு மாதம் வயிறு ஒரு சத்தம் போடவில்லை. எடை மெஷின் மட்டும் தினமும் என்னைப் பாராட்டியது.

கோவில்பட்டி ஆட்டத்தில் பாடிப் போனேன். ஐந்தாவது 'கபடி'யிலேயே மூச்சு தீர்ந்துவிட்டது. எதிரணிப் பையன்கள் என்னை மடக்கவில்லை, விழாமல் தாங்கிக்கொண்டார்கள். "பெரியப்பா, பாத்து" என்றான் ஒருவன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, ஒரு மூச்சுக்கு எத்தனை வார்த்தை என்று கணக்கெடுக்கும் கருவியை மேசைமேல் வைத்து, ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். ஒன்பது வரை போனேன்.

"சாப்பிடலன்னா தசைய வளக்கிற சுரப்பு கொறஞ்சிரும். உங்க உடம்பு, மூச்சு விடுற தசையவே கரைச்சுத் தின்னிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா தூக்கத்துலயே மூச்சு நின்னிருக்கும்."

"நாலு மாசமா தட்டத் தள்ளித் தள்ளி வச்சீங்களே..." என்று என் மனைவி செண்பகவல்லி ஆரம்பித்தாள். மேசைமேல் இருந்த அந்தக் கருவி அவளையும் கணக்கெடுத்தது: ஒரே மூச்சில் அறுபத்திரண்டு வார்த்தை. களத்துக்கு அவளை அனுப்பியிருக்கலாம். கடைசி வார்த்தையோடு என் கையிலிருந்த வில்லையைப் பிய்த்து எறிந்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம், பரோட்டாக் கடையைக் கடக்கும்போது என் வயிறு உறுமியது.

"கேட்டுச்சா?" என்றேன்.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள் செண்பகவல்லி. அறுபத்திரண்டில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.