பத்துக்கு நாலு

“பொம்மையைச் சுட்டுட்டு அதுக்கு மார்க் போடறதெல்லாம் ஒரு பொழப்பா? விட்டுத் தொலையேன்” என்றார் மாமியார், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். சொந்தபந்தங்களின் குழுவுக்கு அவர் அனுப்பும் பூப்படங்களுக்குக் கணக்கே கிடையாது.

வீடியோ கேம்களை விளையாடிப் பார்த்து விமர்சனம் எழுதும் இணையப் பத்திரிகையில் மருமகளுக்கு வேலை. ஹால் மூலையில் கிடந்த மேஜைதான் அலுவலகம். அந்த வாரம் மாமியாரின் திட்டு அவள் காதில் ஏறவே இல்லை. அவளைத் திட்டுவதற்கு வெளியே ஊரே வரிசையில் நின்றது.

எல்லாம் ஒரு பெரிய கம்பெனியின் புதுப் போர் விளையாட்டால் வந்தது. அதில் கதாநாயகன் நடக்கும்போதே இடுப்புவரை தரைக்குள் போய்விடுவான். வில்லன் சுவரில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருப்பான். கம்பெனி அன்பளிப்பாக அனுப்பிய சொகுசு நாற்காலியைத் திருப்பி அனுப்பிவிட்டு, பத்துக்கு நாலு போட்டாள்.

விளையாட்டை இன்னும் கண்ணால்கூடப் பார்க்காத ரசிகர்கள் கிளம்பிவிட்டார்கள். ‘பொம்பளைக்குத் துப்பாக்கியைப் பத்தி என்ன தெரியும்’, ‘போய்ச் சமையலைப் பாரு’ என்று ஆரம்பித்து, வெளியே சொல்ல முடியாத இடங்களுக்கெல்லாம் போனார்கள்.

புருஷனிடம் காட்டினாள். “படிக்காம விட்டுடேன்” என்று அரிய யோசனை ஒன்றைச் சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டான். பத்திரிகை ஆசிரியருக்கோ, கட்டுரையைப் பார்க்க வந்த கூட்டத்தில் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் நெருப்புக்கோழி வந்தான். அந்தப் பெயரில் யாரோ ஒருவன், அவளைத் திட்டியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துத் திட்ட ஆரம்பித்தான்.

சமையலைப் பார்க்கச் சொன்னவனிடம், ‘முதல்ல உன் ஜட்டியை நீயே துவைக்கப் பழகு. அப்புறம் பொம்பளை என்ன செய்யணும்னு பேசலாம்’ என்றான். கெட்ட வார்த்தை எழுதியவனுக்கு, ‘பல் தேய்ச்சுட்டு வந்து டைப் பண்ணு. நாத்தம் இங்க வரைக்கும் வருது’ என்று பதில்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முறுக்கு மீசையும் கழுத்துச் சங்கிலியுமாக ஒரு முரட்டு ஆளை மனசுக்குள் வரைந்து வைத்துக்கொண்டாள். யார் பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும் என்று நினைத்தாள்.

மறுநாள் எவனோ அவள் வீட்டு வாசலைப் படமெடுத்துப் போட்டு, ‘ஒருநாள் வர்றோம்’ என்று எழுதினான். அதற்குக் கீழே நெருப்புக்கோழி, ‘வாடா. பகல்ல கதவு திறந்துதான் கிடக்கும்’ என்று எழுதியிருந்தான்.

மிரட்டினவனைவிட இவனை நினைத்தால்தான் இப்போது அவளுக்குப் பயமாக இருந்தது. எங்கள் வீட்டுக் கதவைப் பற்றி இவனுக்கு எப்படித் தெரியும்? ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

“புழுங்கிச் சாகணுமா?” என்று மாமியார் எழுந்து போய் மறுபடியும் திறந்துவைத்தார்.

கொஞ்ச நேரத்தில் ஆசிரியர் அழைத்தார். ஃபோனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“யாரும்மா அந்த நெருப்புக்கோழி? உன் ஆளா?”

“சத்தியமா தெரியாது சார். எனக்கே பயமா இருக்கு. எங்க வீட்டு வாசலைப் படம் எடுத்துப் போட்டிருக்காங்க. போலீஸ்ல சொல்லலாமா?”

“போலீஸ் எதுக்கு இப்போ? கம்பெனிக்காரங்க கொதிச்சுப் போயிருக்காங்க. முதலாளியோட மச்சானையே அவன் தண்டச்சோறுன்னு எழுதிட்டானாம். அவங்க விளம்பரத்துலதான் நம்ம ஆபீஸ்ல ஃபேன் சுத்துது, தெரியுமில்ல?”

“நான் என்ன சார் செய்யணும்?”

“நாலை எடுத்துட்டு ஏழு போடு. ‘மறுபடி விளையாடிப் பார்த்தேன், ரசித்தேன்’னு ஒரு வரி சேர்த்துக்கோ. எல்லாம் தானா அடங்கிடும்.”

“அது பொய் சார்.”

“பொய்னு ஏன்மா சொல்றே? திருத்தம்னு சொல்லு.”

அவள் திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள். நிம்மதியாகத் தூங்கி நாளாகியிருந்தது. தெருவில் வண்டி நின்றாலே எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். ஒரு விளையாட்டுக்காக இவ்வளவு வேண்டுமா என்று தோன்றியது.

“சரி சார், மாத்திடறேன்.”

“சமத்து” என்று ஆசிரியர் வைத்துவிட்டார்.

மடிக்கணினியை இழுத்துத் தன் கட்டுரையைத் திறந்தாள். நாலை அழித்தபோது கண் நிறைந்து திரை மங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு ஏழு போட விரலை நீட்டினாள்.

சோபாவில் இருந்த மாமியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

“ஏழு போட்டுப் பாரு. அவனுங்களை விட்டுட்டு உன்னைக் கொத்த ஆரம்பிச்சிடுவேன்.”