கீழே நின்றவர்

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி காலை, இந்தோனேசியாவின் சோலோ நகரில், எல்லாரும் ‘பாக்’ (ஐயா) என்று அழைக்கும் ருஸ்தியின் சைக்கிள் கடைக்குள், ஃபிரேமில் விரிசல் விட்ட புதுச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு துகிஜோ நுழைந்தான்.

“இலவசமா மாத்திக் குடுங்க, பாக். வாரண்டி இருக்குல்ல?”

“கண்டபடி ஓட்டினா வாரண்டி செல்லாது, மாஸ்,” என்று, இளைஞர்களை மரியாதையாக அழைக்கும் சொல்லோடு, நிமிராமலே சொன்னார் ருஸ்தி.

“இதுல இன்னும் ஒருத்தரும் ஏறி உக்காரவே இல்ல!”

“அப்ப மரத்திலேருந்தா விழுந்துச்சு?”

“ஆமா. நேத்து சுதந்திர தினத்துக்கு, வழுக்குமரத்து உச்சியில நீங்க கட்டிவிட்ட பரிசுதானே இது!”

“அங்கிருந்து தூக்கிப் போட்டது உங்க தப்பு.”

“‘போடுங்க மாஸ், நான் பிடிக்கிறேன்’னு கீழே நின்னு கத்திட்டு, போட்டதும் ஓட்டம் பிடிச்சது யாரு, பாக்?”

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ருஸ்தி தம் செலவிலேயே ஃபிரேமை மாற்றித் தருவது என்றும், அடுத்த ஆண்டு மரத்து உச்சியில் சைக்கிளின் படத்தை மட்டும் கட்டுவது என்றும் முடிவாயிற்று.