அறுபதுக்கு மேல் அனுமதி இல்லை

"அறுபது வயசுக்கு மேற்பட்டவங்க காட்டுக்குள்ள ஏறக் கூடாது. கரையிலேயே உட்கார்ந்திருக்கணும்."

தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம் படித்து முடித்ததும் கோயில் கொட்டகையில் ஒரே கூச்சல்.

மலேசியாவின் கேமரன் மலையில் அந்தத் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை சேர்ந்து சுற்றுலா போவார்கள். எழுபத்தொன்பதாம் வருஷத்துக்குப் பங்கோர் தீவு. பஸ்ஸில் மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கி, லுமுட் துறைமுகம் போய், படகேறி, தீவுக் காட்டில் ஒரு மலாய்க்கார வழிகாட்டியோடு குரங்கும் பறவையும் பார்க்கிற திட்டம்.

சுற்றுலாச் செயலாளர் என்ற முறையில் கிராணி ஆட்களை வயதுப்படி பிரித்திருந்தார். பொடிசுகளுக்கு ஓடையோரம். பெரியவர்களுக்கு மலை உச்சி. கிழடுகளுக்குக் கடற்கரை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெயர் கொடுத்த நாற்பத்திரண்டு பேரில் அறுபதைத் தாண்டியவர் தங்கையா ஒருத்தர்தான். தோட்டத்து ஆட்களை வேலை வாங்கி, இப்போது ஓய்வு பெற்றுவிட்ட பழைய கங்காணி. ஒரே ஒரு ஆளுக்காக ஒரு சட்டம்!

தங்கையா உட்கார்ந்த இடத்திலிருந்தே கர்ஜித்தார்.

"யாருய்யா கிழவன்? முப்பது வருஷம் இந்த மலையில ஏறி இறங்கின காலுய்யா இது!"

தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"அண்ணே, வழிகாட்டி சொன்னாரு, பாதை ரொம்பச் செங்குத்தாம்..."

"வழிகாட்டிக்கு என்னைத் தெரியுமா? எல்லாம் நீ பண்ற வேலை!"

ஜனங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கங்காணியாக இருந்த காலத்தில் தங்கையா இந்தக் கிராணியைப் பற்றித் துரையிடம் ஒரு தடவை புகார் சொல்லியிருக்கிறார். மனுஷன் அதை மனதில் வைத்துக்கொண்டு இப்போது பழி வாங்குகிறார்.

தங்கையாவின் மனைவி பாஞ்சாலை எழுந்தாள். ஐம்பத்திரண்டு வயது. இன்னும் தினமும் கூடை கட்டிக் கொழுந்து பறிக்கிறவள்.

"ஏன் கிராணி ஐயா, அந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு நீங்க மலை ஏறலாம், எங்க வீட்டுக்காரரு ஏறக் கூடாதா?"

கொட்டகை சிரித்தது. கிராணி சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டார்.

லாரி ஓட்டுகிற இருளப்பன் ஒரு யோசனை சொன்னான். "சண்டை எதுக்குலா? நாளைக்குக் காலையில கங்காணி நம்ம ஏழாம் நம்பர் மலையில ஏறிக் காட்டட்டும். உச்சிக்குப் போயிட்டா பங்கோர் மலைக்கும் வரட்டும்."

"நாளைக்கு என்னடா, இப்பவே வாங்கடா!" என்றார் தங்கையா, நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு.

கிராணி பதறிக் குறுக்கே விழுந்தார். "பரீட்சை கிரீட்சை எல்லாம் கிடையாது! சட்டம் போட்டது போட்டதுதான்."

என்ன கல் நெஞ்சு பாருங்கள்!

பாஞ்சாலை முந்தானையை இழுத்துச் செருகினாள். "அப்ப என் பேரையும் அடிச்சிடுங்க. அவரு பார்க்காத பறவையை நானும் பார்க்கல."

எல்லாரும் அவளையே திரும்பிப் பார்த்தார்கள். ஏனென்றால் இந்தச் சுற்றுலாவே பாஞ்சாலை நச்சரித்து ஏற்பாடானது. கந்தன் கடை காலண்டரில் ஒரு வருஷம் இருவாட்சிப் பறவை படம் வந்தது. அலகுக்கு மேல் இன்னொரு அலகு முளைத்த மாதிரி அதற்கு. வருஷம் முடிந்து பல வருஷம் ஆகியும் அந்தக் காலண்டர் அவள் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது. பங்கோர் மலையில் அது நிஜமாகவே பறக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் இல்லை.

கிராணியின் முகம் வெளுத்தது. தங்கையாவைப் பார்த்தார்.

"அதெல்லாம் முடியாது!" தங்கையா போட்ட சத்தத்தில் சாமியே திடுக்கிட்டிருக்கும். "நீ ஏறித்தான் ஆகணும் பாஞ்சாலை! ஏறி, அந்தப் பறவையைக் கண்குளிரப் பார்த்துட்டு வந்து, இந்தப் பூசணிக்காய் முன்னாடி நின்னு சொல்லு. இந்த ஆளு மூக்கு உடையணும்!"

"அப்படிப் போடுங்க!" என்றது கூட்டம்.

பாஞ்சாலைக்கும் ரோஷம் வந்துவிட்டது. "ஏறுறேன்! வந்து சொல்றேன்!"

கையோடு கையாக இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது. அடுத்த வருஷம் கிராணி செயலாளர் இல்லை. அவருக்காக ஒரு கைகூட உயரவில்லை.

மறுநாள் மத்தியானம், பாஞ்சாலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நேரம். தங்கையா ஆபீஸின் பின்பக்கமாக வந்தார். வாசலில் இரண்டே இரண்டு படி. கதவைப் பிடித்து, நின்று, மூச்சு வாங்கி, ஒருவழியாக ஏறினார். யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"தம்பி, நேத்து திட்டு கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சோ?"

கிராணி நாற்காலியை இழுத்துப் போட்டார். "நாம பேசி வச்சதுல பூசணிக்காய் இல்லையேண்ணே."

"அது அந்த வேகத்துல வந்துடுச்சி. அவ பேரை அடிக்கச் சொன்னதும் எனக்கு உதறல் எடுத்துடுச்சி தம்பி."

தங்கையா மெல்ல உட்கார்ந்து முட்டியை நீவிவிட்டார். "நடந்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு தினமும் கந்தன் கடையிலதான் உட்கார்ந்திருக்கேன். முட்டி போயிடுச்சின்னு தெரிஞ்சா, எனக்குத் துணையா அவளும் கரையிலேயே உட்கார்ந்துடுவா. அப்புறம் எங்கேர்ந்து பறவையைப் பார்க்குறது?"

முட்டியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "நான் கேட்டேன்னு சட்டம் போட்டீங்க. கடைசியில உங்க பதவி போச்சே" என்றார்.

"போனா போகட்டும்ணே. பட்டியல்ல என் பேரையும் கரைக்கு மாத்திட்டேன்" என்றார் கிராணி. "உங்களுக்குப் பேச்சுத்துணை வேணும்ல? அக்கா கேட்டதும் நியாயம்தானே, இந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு நான் எங்கண்ணே ஏறுறது?"