முனியப்பனுக்கு விட்ட செவலை

வேலியோரம் கிடந்த கோழிக்காலைக் குனிந்து எடுத்தாள்.

இடது கால். கடைசி விரலில் நுனி இல்லை.

போன வருடம் அவளேதான் அந்த நுனியை நறுக்கினாள். மஞ்சள் வைத்துக் கட்டினாள். முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் என்று பார்த்தவுடன் தெரியவேண்டும் என்பதற்காக.

தங்கை மகளின் சீருக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கட்டியிருந்த பட்டுச்சேலையைக்கூட மாற்றவில்லை. பை வாசலிலேயே கிடந்தது.

வேலி முழுக்கச் செவலை இறகு.

மற்ற சேவல்கள் எல்லாம் இருந்தன.

இந்த வருடம் அடைக்கு வைத்த முட்டையெல்லாம் சேவலாகவே பொரிந்து தொலைத்தன. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இங்கே செவலையோடு சேர்த்து ஏழு. விடிந்தால் போதும், ஒன்றோடொன்று சண்டை, ரத்தம். எந்தப் பெட்டையும் நிம்மதியாக மண்ணைக் கிளற முடியாது. ஒன்று இறங்கினால் இன்னொன்று ஏறும். பாவம், அவற்றின் முதுகில் இறகெல்லாம் போய்த் தோல் தெரிந்தது.

சந்தைக்குக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் அறுத்துத் தின்னுங்கள், எப்படியாவது ஒழித்துக்கட்டுங்கள் என்று மாதக்கணக்கில் கத்தினாள். செங்கோடன் காதில் வாங்கவே இல்லை. கட்டிய புருஷனுக்குக் காது இருக்கிறதா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நேற்றுத்தான் கேட்டிருக்கிறது.

செங்கோடன் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். கூட்டாளிகள் இரண்டு பேர் வந்தார்களாம். இருப்பதில் சதைப்பிடிப்பாக இருந்தது அது ஒன்றுதானாம். நீதானே ஒழிக்கச் சொன்னாய் என்று சிரித்தான்.

கோழிக்காலை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

அவனுக்குத் தெரிந்திருந்தது. அறுக்கும்போதே விரலைப் பார்த்தானாம். சாமிக்கு எந்தச் சேவலாக இருந்தால் என்ன, ஆறு நிற்கிறதே, ஒன்றைப் பிடித்துக்கொண்டு போ என்றான். பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டே இன்னொன்றும் சொன்னான். அன்றைக்குத் தன்னைக் காப்பாற்றியது ஊசிதான், சேவல் இல்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

குச்சிக்கிழங்குக் காட்டில் கண்ணாடி விரியன் கடித்து, பெரியாஸ்பத்திரியில் வீங்கிப்போய்க் கிடந்தானே, அன்றைக்கு. ஊசி போட்ட டாக்டருக்கே நம்பிக்கை இல்லை. விடியும்வரை எதுவும் சொல்ல முடியாது என்று போய்விட்டார். அவள்தான் வராந்தாவில், யார் யாரோ கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து முனியப்பனிடம் கெஞ்சினாள். ஆளை எழுப்பிக் கொடு, செவலைச் சேவல் தருகிறேன்.

சாமி கொடுத்துவிட்டது. அவள் இன்னும் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் கோயில் பொங்கல். அன்றைக்குக் கொடுப்பதாக இருந்தாள்.

அடுப்படியில் ஒரு கிண்ணம் மூடியிருந்தது. திறந்து பார்த்தாள். அவளுக்கென்று குழம்பு எடுத்து வைத்திருக்கிறான். அதுவும் நெஞ்சுக்கறியாகப் பார்த்து.

அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது. அழுவது அவளுக்கே பிடிக்கவில்லை. கொல்லையில் குழி தோண்டிக் குழம்பைக் கொட்டினாள். கோழிக்காலையும் அதிலேயே போட்டு மண்ணைத் தள்ளினாள்.

நின்ற ஆறில் ஒன்றை எட்டிப் பிடித்தாள். கொண்டை கிழிந்திருந்தது. கையில் கனமே இல்லை. வீட்டுக்கு வேண்டாம் என்று ஆனதைச் சாமிக்குக் கொண்டுபோய் நீட்டுவதா? அவ்வளவு கேவலமாகவா போய்விட்டது அவள் வாக்கு?

விட்டெறிந்தாள். அது சிலுப்பிக்கொண்டு போய் அடுத்த நிமிடமே ஒரு பெட்டையின் மேல் ஏறியது.

வெறுங்கையோடு கோயிலுக்கு நடந்தாள்.

புளியமரத்தடியில் முனியப்பன் கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வேறு யாரும் இல்லை. அவள் கும்பிடவில்லை. நேருக்கு நேராக நின்றாள்.

"உன்ற சேவல அவருதான் தின்னாரு சாமி. நான் குடுக்கறதுக்குத்தான் வளத்தேன். இனி நீயாச்சு, அவராச்சு."

திருநீறுகூட எடுக்காமல் திரும்பிவிட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் கரண்ட் வந்தது. செங்கோடன் மோட்டார் போடக் கிளம்பினான்.

கடிபட்டு எழுந்த நாளிலிருந்து, காட்டுக்குப் போகுமுன் அவனைப் பூட்ஸ் மாட்டவைத்து, டார்ச்சை எடுக்கவைத்து அனுப்புவது அவள் வேலை. அவனாக எடுத்ததே இல்லை. எடுக்கச் சொல்லித் திட்டுவாள். திட்டு வாங்கிக்கொண்டுதான் எடுப்பான்.

இன்றைக்கு அவள் திட்டவில்லை. அவன் அதைக் கவனிக்கவும் இல்லை.

வெறுங்காலோடு வரப்பில் இறங்கினான். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனான்.

டார்ச் ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

குச்சிக்கிழங்குச் செடி அவன் இடுப்பை மறைத்தது. பிறகு தோளை.

கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்று நின்றாள்.