வாரம் ரெண்டு ஏறும் விளக்கு

அம்மா, சின்னவன் பேசுறேன். நேத்தோட எனக்கு இருபத்திரண்டு வயசு முடிஞ்சுது. அண்ணன் வேலை பாத்த அதே அலங்கார மீன் கடையிலதான், தொட்டியில உயிர்ப்பவளம் வளக்குறேன்.

அவன் நம்மள விட்டுப்போன வாரம், போன்லயே ஏத்தி இறக்குற நீல விளக்க ஒரேயடியா நூறு சதவீதத்துக்கு ஏத்திட்டேன். பவளம் எலும்பு மாதிரி வெளுத்துப்போச்சு.

"வெளிச்சமும் சோறு மாதிரிதான்டா, கொஞ்சங்கொஞ்சமா ஊட்டணும். உங்கண்ணன் சொல்லலையா?"ன்னாரு முதலாளி.

மறுநாள் விளக்கு முப்பதுல இருந்துச்சு. அப்புறம் வாரத்துக்கு ரெண்டு ஏறுது, அண்ணன் ஏத்துற மாதிரியே. நாங்க யாரும் தொடல. இப்ப நாப்பத்தாறு. பவளத்துல ஊதா திரும்புது.

ஏத்துறது எந்த போன்னு பாத்தேன். அண்ணன் போன்னு காட்டுது. கண்ணாடி நொறுங்கி, ஆன் ஆகாமலே அவன் உடம்போட உங்ககிட்ட வந்துச்சே, அதுதான்.

அத யாரும் ரிப்பேருக்குக் குடுத்துடாதீங்கம்மா.