ஆத்தா வந்திருக்கு

பிரசவ வார்டில் மின்விசிறி கிறீச்சிடுகிறது. நிறைமாதக்காரி கீதாஞ்சலி, பனியன் கம்பெனி தையல்காரி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்திருக்கிறாள். லக்னோவிலிருந்து மேற்படிப்புக்கு வந்திருக்கும் டாக்டர் ரித்திகா, கற்றுக்கொண்ட தமிழில் கேட்கிறாள்: "வீட்ல யாருக்காவது காய்ச்சலா?"

"இல்லீங்க. ஊட்டுக்கு ஆத்தா வந்திருக்குதுங்க."

"நல்லது. துணைக்கு அம்மா இருக்காங்க."

கீதாஞ்சலி சிரிக்கவில்லை. போர்வையை இன்னும் இறுக்கிக்கொள்கிறாள். புரிந்ததாக நினைக்கும் சொல்லையும் நோயாளியிடமே திருப்பிக் கேட்கச் சொல்லி வகுப்பில் பழக்கியிருக்கிறார்கள். ரித்திகா கேட்கிறாள்: "அம்மா எங்கே, வெளியிலயா?"

போர்வைக்குள்ளிருந்து ஒரு வேப்பிலை தரையில் உதிர்கிறது.

"பெரிய புள்ள மேலங்க." கீதாஞ்சலி மெல்லப் போர்வையை விலக்குகிறாள். "காத்தால இருந்து எம்மேலயும்ங்க."

நிறைவயிற்றில் முத்துமுத்தாக நீர்க்கொப்புளங்கள். அவற்றுக்கு அடியில் குழந்தை அசைகிறது.